கைகாட்டி எறங்கிருக்கு, அண்ணாச்சி

புள்ள நல்லாத் தூங்குதோ? ஏறுனதுலருந்து பாக்கேன், மடியில அசையாமக் கெடக்கு. இந்தாங்க, கடலமிட்டாயி. முழிச்சதும் குடுங்க.

என்னது, பலாப்பழமா? சரிதான். சாக்குல சுத்தி மடியில வச்சுக்கிட்டா எவனுக்குத் தெரியும்? பஸ்ஸுக்குள்ள வெளிச்சமும் பத்தல. மத்தியானமா இருந்தா என்ன, மேகம் போட்டிருக்கும். சரி, மிட்டாய நீங்களே திங்கலாம். பழத்துக்கா குடுக்க முடியும்?

வல்லநேரி வந்தா மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. வெளிய போர்டு இருக்குந்தான், நானும் பாப்பேன். ஆனா இந்தக் காலத்துல போர்டு எழுதுதவனுக்குக் கையில வெளக்கெண்ணெயா வடியுது? எல்லாம் மசமசன்னு எழுதி வச்சிருக்கான். காலையில ஒரு பஸ்ஸுல ஏறி சௌகரியமா ஒக்காந்துட்டேன், அது வேற ஊருக்குப் போற பஸ்ஸு. கண்டக்டர் பய, போர்டப் பாத்து ஏற மாட்டீராங்கான். ஏல, படிக்கிற மாதிரி எழுதச் சொல்லுலேன்னு ஏசிட்டு எறங்குனேன். எறங்கும்போது அவனும் கையப் பிடிச்சான். நான் ஏறும்போது நீங்க பிடிச்ச மாதிரிதான். எனக்குக் கையப் பிடிச்சா பிடிக்காது, சொல்லிட்டேன். கோவிச்சுக்கிடாதீக.

வல்லநேரிக்கு ரயில் இருக்கேங்கீகளா? நல்லாக் கேட்டீக. எங்க வீட்டுப் புறவாசல்லதான் தண்டவாளம். செந்தட்டியூர்ல ஏறுனா நேரா வல்லநேரி சங்சன்லதான் எறங்கணும். ஆனா நான் அதுல கால் வைக்க மாட்டேன். கீழ எறக்கி விட்ட வண்டியில டிக்கெட் எடுத்து ஏறச் சொல்லுதீகளா? நான் டிரைவர்யா. ஆவுடையப்பன்னா அந்த லைன்ல தெரியாத ஆள் கெடையாது. ஓட்டுனவன் ஒக்காந்து போவானா?

இப்ப ஓடுத ரயிலச் சொல்லல. இது பெரிய ரயில்வே. நான் சொல்லுதது எங்க கம்பெனி ரயிலு. செந்தட்டியூர்லருந்து வல்லநேரி வரைக்கும் ஒத்தத் தண்டவாளம், ஒரே வண்டி. காலையில நாந்தான் கொண்டு போவேன், சாயங்காலம் நாந்தான் கொண்டு வருவேன். எதுத்தாப்புல இன்னொரு வண்டி வரவே வராது. இருந்தாத்தான வரும்? வல்லநேரியில பெரிய லைன்காரங்களுக்கு ஒரு ஸ்டேசன், எங்களுக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்டேசன். நடுவுல மதிலு. அவுக மெயில் வண்டி அந்தப் பக்கம் போகும், எங்க வண்டி இந்தப் பக்கம் நிக்கும். ஒருத்தர் சோலிக்கு ஒருத்தர் போறதில்ல. மதிலுக்கு அங்கிட்டு டீ நல்லாருக்கும்னு நம்ம ஆளுக எட்டி வாங்கிக் குடிப்பாக, அவ்வளவுதான் சம்பந்தம்.

சுதந்திரம் வந்து கொஞ்ச வருசத்துல, எல்லாச் சின்னக் கம்பெனியையும் ஒண்ணாச் சேத்து ஒரே ரயில்வேயா ஆக்குதோம்னாக. ஆக்குங்கன்னோம். நம்மளையா கேட்டாக? மாலையப் போட்டாக, மேளம் அடிச்சாக, எங்க இஞ்சின்ல இருந்த கம்பெனி பேரச் சொரண்டிட்டு நம்பர் எழுதுனாக. அன்னைக்கு சாயங்காலமே வல்லநேரி மதில இடிச்சுப்போட்டானுக. இடிச்ச சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. எங்க தண்டவாளத்த அவுக தண்டவாளத்தோட சேத்தாக. இனிமே எங்க வண்டி, மெயில் வண்டி போற பாதையக் குறுக்க கடந்துதான் பெரிய ஸ்டேசனுக்குள்ள போகணும். அதுக்காகப் புதுசா ஒரு கைகாட்டி நட்டாக.

கைகாட்டி தெரியும்லா? ஒசரமாக் கம்பம், அதுல செவப்புக் கை. கை நேரா நீட்டியிருந்தா நில்லு. சாஞ்சு எறங்கியிருந்தா வா. இவ்வளவுதான் விசயம். எங்க கம்பெனி லைன்லயும் ரெண்டு இருந்துச்சு. அது பாட்டுக்கு எறங்கியேதான் கெடக்கும். எதுத்தாப்புல வண்டி வந்தாத்தான ஏத்தணும்?

ஆனா எங்ககிட்ட ஒரு மரியாத உண்டு. அத நீங்க வேற எந்த ரயில்லயும் பாத்திருக்க மாட்டீக. என்கூட பயர்மேனா சேர்மக்கனின்னு ஒருத்தன். கனி, கனிம்போம். கரி அள்ளிப் போடுத வேல. கைகாட்டி வந்துச்சுன்னா அவன்தான் மொதல்ல வெளிய தலைய நீட்டிப் பாப்பான். பாத்துட்டு, "கைகாட்டி எறங்கிருக்கு, அண்ணாச்சி"ன்னு சத்தமாச் சொல்லுவான். நான் "பாத்துட்டேன்"னு சொல்லுவேன். எல போட்டாச்சு வாங்கன்னு பெரியாளக் கூப்பிடுதோம்லா, அந்த மாதிரி. எனக்குத் தெரியாம இல்ல. சொல்லுதது அவனுக்கு மரியாத, கேக்கது எனக்கு மரியாத.

கைகாட்டி மட்டுமில்ல, எல்லாத்தையும் சொல்லுவான். தண்டவாளத்துல எரும நிக்கி அண்ணாச்சிம்பான். பாத்துட்டேம்பேன். பிளாட்பாரத்துல ஸ்டேசன் மாஸ்டர் கொடி காட்டுதாரு அண்ணாச்சிம்பான். பாத்துட்டேம்பேன். அவன் வாய் ஓயவே ஓயாது. இஞ்சின் சத்தத்தவிட அவன் சத்தம்தான் பெருசு. என் பொஞ்சாதி ஆவுடைத்தங்கம், "அந்தத் தம்பி இல்லன்னா நீங்க வண்டிய வயக்காட்டுல கொண்டு போய்ச் சொருவிருவீக"ன்னு சிரிப்பா. பொம்பளைக்கு என்ன தெரியும்?

ஒங்களுக்குக் கண்ணாடி இருக்கோ? சட்டப்பையில இருந்து எடுத்து மாட்டுத மாதிரிக் கேட்டுச்சு. இந்த வயசுலயே? எனக்கு இன்ன வரைக்கும் கண்ணாடி கெடையாது. போட்டதே இல்ல.

பெரிய ரயில்வே வந்துச்சுல்லா, வந்த வேகத்துல சட்டம். கம்பெனியில இருந்து வந்த டிரைவர் எல்லாரும் திரும்பப் பரிச்ச குடுக்கணும்னுட்டாக. எத்தன வருசம் ஓட்டுனவன் நானு! ராமபத்ரன்னு ஒரு இன்ஸ்பெக்டர். வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு இஞ்சின்ல ஏறுதான். ஏறுனவன் என்னப் பாக்கல, கனியத்தான் மொதல்ல பாத்தான். "பயர்மேன், இன்னைக்கு நீ வாயத் தொறக்கக் கூடாது. டிரைவரே பாத்து, டிரைவரே சொல்லட்டும். நீ பேசுனா ஒனக்கு வேல போயிரும்"ங்கான்.

எவனோ போட்டுக் குடுத்திருக்கான். இல்லன்னா வந்ததும் வராததுமா எதுக்கு அப்பிடிச் சொல்லணும்? கனி என்னைப் பாத்தான். நான், "வாயப் பொத்திக்கிட்டு கரியப் போடுலே, நான் பாத்துக்கிடுதேன்"ன்னேன். அவன் ஒண்ணும் சொல்லல. சொல்லக் கூடாதுல்லா.

வண்டிய எடுத்துட்டேன். அன்னைக்கு சந்த நாளு. பெட்டி முழுக்கச் சனம். கோழி, காய்கறி, புள்ளகுட்டின்னு ஏறிக் கெடக்கு. நான் சும்மா ராசா மாதிரி ஓட்டுதேன். ஓடைப் பாலத்துல டமடமன்னு சத்தம் மாறும், அங்க வேகத்தக் கொறைக்கணும். கொறைச்சேன். கருப்பட்டி காய்ச்சுத வாசம் வந்தா பனங்காடு, அங்கன வளைவு. ஊதுனேன். எங்க எது வரும்னு எனக்குத் தெரியாதா? இன்ஸ்பெக்டர் பின்னாலயே நிக்கான். பேனாவால என்னமோ எழுதுதான். கனி கரி போடுத சத்தம் மட்டும் கேக்குது. எனக்கு வேத்துக் கொட்டுது. இஞ்சின்னா சூடுதான? ஆனா அன்னைக்கு சூடு கொஞ்சம் கூடுதல்.

என்னமோ சரியில்ல தம்பி. அத எப்பிடிச் சொல்ல? வழக்கமா வீட்டுக்குள்ள பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒரு நாள் ஒருத்தருமே பேசலன்னா ஒரு மாதிரி இருக்கும்லா. அந்த மாதிரி. நான் கனி பக்கமாத் திரும்பித் திரும்பிப் பாக்கேன். அடுப்பு வெளிச்சத்துல நெழலா நிக்கான். மூஞ்சி தெரியல.

வல்லநேரி கிட்ட வந்தாச்சு. புதுக் கைகாட்டி அங்கனதான் நட்டிருக்குன்னு சொல்லியிருந்தாக. கனி கரி போடுதத நிறுத்திட்டான். கரண்டிச் சத்தம் நின்னு போச்சு. சரி, கைகாட்டி வந்துட்டு போலன்னு நெனச்சேன். அவன் தலைய வெளிய நீட்டுததும் தெரிஞ்சுச்சு. நான் காத்திருக்கேன். அவன் ஒண்ணும் சொல்லல.

அதுதான் தம்பி, அதுதான் விசயம். அவன் ஒண்ணும் சொல்லல! கை ஏறியிருந்தா சொல்லாம இருப்பானா? எரும நின்னாலே சொல்லுதவன். இன்ஸ்பெக்டர் சொன்னா என்ன, ஆபத்துன்னா வாயத் தொறக்க மாட்டானா? அவன் பேசாம இருக்கான்னா எறங்கித்தான இருக்கணும். நீங்களே சொல்லுங்க, நியாயம்தான?

"கைகாட்டி என்ன சொல்லுது டிரைவர்?"ன்னு கேக்கான் இன்ஸ்பெக்டர்.

"எறங்கிருக்கு"ன்னேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன். எறங்கிருக்கு"ன்னேன். சொல்லிட்டு ஸ்டீமக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். எனக்கு ரோசம். பாத்தத நம்பாம ரெண்டாந்தடவ கேக்கானேன்னு.

அந்த ஆளு இங்கிலீஸ்ல என்னமோ கத்துனான். அதுக்கு முந்தியே கனி கரண்டியத் தூக்கி எறிஞ்சுட்டு என் மேல வந்து விழுந்தான். "ஏறிருக்கு அண்ணாச்சி! ஏறிருக்கு!"ன்னு அலறுதான். என் கையத் தட்டிவிட்டுட்டு, என் இஞ்சின்ல, என் பிரேக்க அவன் பிடிச்சு இழுக்கான்! வண்டி கிறீச்சுன்னு கத்திக்கிட்டு இழுத்துக்கிட்டே போகுது. நிக்க மாட்டேங்குது. பின்னால பெட்டியில சனம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஓலம் போடுது. கோழியெல்லாம் கத்துது. எனக்கு என்ன நடக்குன்னே வெளங்கல. அப்புறம் ஒரு குலுங்கு குலுங்கி நின்னுச்சு.

நின்ன மாத்திரத்துல முன்னால மெயில் வண்டி போச்சு. குறுக்க. காத்து மூஞ்சியில அடிச்சுது. அவ்வளவு பக்கம்னு சொல்லுதாக. எனக்கு என்னமோ தூரத்துல போன மாதிரிதான் இருந்துச்சு. சத்தத்த வச்சுச் சொல்லுதேன்.

நானே நிறுத்தியிருப்பேன் தம்பி. கொஞ்சம் பொறுத்திருந்தா நானே நிறுத்தியிருப்பேன். மெயில் சத்தம் எனக்குக் கேக்காதா?

நீங்க ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கீக? இருக்கீகளா?

சரி. அதோட விட்டானா? விசாரணை வச்சாக. பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் நாலஞ்சு பேரு. கனியக் கூப்பிட்டு, "டிரைவருக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?"ன்னு கேக்காக. நான் பக்கத்துல நிக்கேன். என் வீட்டுச் சோத்தத் தின்னவன். அவன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்ததே நானும் ஆவுடைத்தங்கமும்தான். அவன் என்ன சொல்லணும்? நல்லாத் தெரியும்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சு போச்சு. அவன் அழுதான். அழுதுக்கிட்டே, "அண்ணாச்சிக்கு ரொம்ப நாளாவே தூரத்துல தெரியாதுங்கய்யா. நான்தான் சொல்லுவேன். தப்பு என் மேலதான். நான் முன்னமே சொல்லியிருக்கணும். அண்ணாச்சிய வேலய விட்டு மட்டும் அனுப்பிராதீக"ன்னான்.

நாடகம்! ஊமை மாதிரி இருந்துட்டு சமயத்துல காலவாரிவிட்டான்.

அப்புறம் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாக. அங்க அதைவிடக் கூத்து. ஒண்ணுமே எழுதாத வெள்ள அட்டையச் செவத்துல மாட்டி வச்சுக்கிட்டு, படிங்கான் டாக்டர். எழுதாம எப்பிடிய்யா படிக்கன்னு கேட்டேன். அவனும் அந்த ஆளுகளும் பேசி வச்சிருக்கானுக. கம்பெனிக்காரன எப்பிடியாவது கீழ எறக்கணும். இதுதான் தம்பி பெரிசு சின்னத முழுங்குத லட்சணம்.

வேலய விட்டு அனுப்பல. அனுப்ப முடியுமா? எனக்கு நல்ல பேரு இருந்துச்சு. ஷெட்டுல ஒக்காந்த எடத்துல வெளக்குத் தொடைக்கிற வேல குடுத்தானுக. கடேசி வரைக்கும் வெளக்குத்தான் தொடச்சேன். கனியையும் சும்மா விடல, உண்மைய மறைச்சு வச்சான்னு பிரமோசன நிறுத்திப்போட்டாக. தெய்வம் நின்னு கேக்கும்லா? ஆனா பின்னால அவனும் டிரைவராயிட்டான். எங்க வண்டிக்கே! என் எடத்துல!

அன்னைக்கு வீட்டுல சொல்லிட்டேன். கனி பேர இனிமே யாரும் எடுக்கக் கூடாது. ஆவுடைத்தங்கம் ஒரு தரம் எடுத்தா, சோத்துத் தட்ட நகட்டிட்டு எந்திரிச்சிட்டேன். அதுலருந்து வாயத் தொறக்க மாட்டா.

ஆனா அவன் விட்டானா? எங்க வீட்டுப் புறவாசல் வரும்போதெல்லாம் ஊதுவான். சும்மா ஊதுதது இல்ல. ரெண்டு குட்டையா, ஒண்ணு நீளமா. அது நான் ஊதுத ஊத்து! நான் வண்டி ஓட்டும்போது, வந்துட்டேன் சோறு வையின்னு ஆவுடைத்தங்கத்துக்கு ஊதுனது. அத எடுத்து என்கிட்டயே ஊதிக் காட்டுதான். எகத்தாளத்தப் பாத்தீகளா? ஓட்டுதேன் பாரும்னு சொல்லுத மாதிரி. வருசக்கணக்கா. மழையானாலும் வெயிலானாலும். நானும் விடுவேனா? அந்த நேரத்துக்குப் புறவாசல்ல போய் கட்டில் போட்டு ஒக்காந்துக்கிடுவேன். ஊதுலே, ஊது, எத்தன நாளைக்கு ஊதுவன்னு பாப்போம்னு. வண்டி கொஞ்சம் லேட்டானா எந்திரிச்சி வேலி வரைக்கும் நடப்பேன். ஏசுததுக்குத்தான்.

இப்ப நின்னு போச்சு தம்பி.

போன மாசத்துலருந்து ஊத்து இல்ல. வண்டி போகுது. வேற எவனோ ஓட்டுதான், வெறுமன ஒத்த ஊத்து ஊதிட்டுப் போறான். மொத நாளு லீவுன்னு நெனச்சேன். அப்புறம் ஒடம்புக்குச் சொகமில்லன்னு நெனச்சேன். அப்புறம்...

யார்கிட்டக் கேக்க? ரயில்காரன் எவன்கிட்டயும் நான் பேசுததில்ல. ஆவுடைத்தங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா பேர எடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவன் நான்தான, நானே போய்க் கேக்க முடியுமா? நேத்து கட்டில்ல ஒக்காந்துக்கிட்டே இருந்தேன். வண்டி போயி இருட்டியும் போச்சு போல. அவ வந்து, "போயித்தான் பாத்துட்டு வாங்களேன்"ன்னா. யாரன்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல. நீங்க வாரீகன்னு காலம்பற ரயில்ல போற கார்டுகிட்டச் சொல்லி விடட்டுமான்னா. ஒண்ணும் வேண்டாம்னு ஏசிட்டுத்தான் வாரேன். சொல்ல மாட்டா. சொன்னாலும் சொல்லுவா.

அவன் வீடு வல்லநேரியிலதான். ஆனா நான் அவனப் பாக்கப் போறேன்னு நெனைக்காதீக. ஒரு கேள்வி கேக்கப் போறேன். அவன் வாசல்ல நின்னு, ஏல, எனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சா இல்லயா, ஒங்கப்பன் மேல சத்தியமாச் சொல்லுன்னு கேப்பேன். சொல்லட்டும். அவன் வாயால சொல்லட்டும். அதுக்குத்தான் போறேன்.

இருந்தாத்தான சொல்லுவான்? அவனுக்கும் ரிட்டயர் ஆகுத வயசாச்சுல்லா. கரிப்பொக குடிச்ச நெஞ்சு. அந்தக் காலத்துலயே இருமுவான். இல்லாமப் போயிருந்தா, போயி அந்த வாசல்ல நின்னுக்கிட்டு யார்கிட்டக் கேக்க? பயமா இருக்கு தம்பி. நேத்துலருந்து சோறு எறங்கல.

என்ன, வேகம் கொறையுது? ரெண்டாவது கியர்ல போடுதான். வல்லநேரியா? வந்துட்டா? போர்டப் பாத்தீகளா? நானும் பாத்தேன், அந்த மரத்துகிட்ட. மரம் இல்லயா? சரி, என்னமோ ஒண்ணு.

பைய எடுத்தாச்சு. வழி விடுங்க. ஏன் இம்புட்டுக் கூட்டம் படியில? எறங்குதாகளா, ஏறுதாகளா? தம்பி, கீழ பள்ளமா, மேடா? இல்ல, சும்மா கேட்டேன். சரி, சரி, பிடிச்சுக்கிடுங்க. இந்த ஒரு படிக்கு மட்டும்.

இருங்க. இருங்க தம்பி, அசையாதீக. இருமல் கேக்கலயா ஒங்களுக்கு?

அதோ. யாரோ கத்துதான் பாருங்க. வெளிய. இந்தச் சத்தத்துல பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்கும்.

"கைகாட்டி எறங்கிருக்கு, அண்ணாச்சி! வரலாம்!"

கேட்டீகளா? கேட்டீகளா தம்பி? மூதேவி, உசுரோட இருக்கான்! சொல்லி விட்டுட்டா பாருங்க எங்க வீட்டுக்காரி, வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும். ஏல! பாத்துட்டேம்ல! பாத்துட்டேன்!

கைய விடுங்க தம்பி. அதான் அவன் சொல்லிட்டாம்லா.